நாயகன் உள்ளே போகும் தூரம்: அறிவியல் புனைவுப் படங்கள் குறித்து வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், அறிவியல் புனைவுப் படங்களில் நாயகனின் உள்பயணம், அதாவது வெளிப்பயணத்தோடு அவன் மனத்துக்குள் நடக்கும் மாற்றம், பற்றி வெளியான கட்டுரைக்கு நிறையக் கேள்விகள் வந்தன. அவற்றில் ஏழுக்கு இங்கே பதில். படங்களின் முடிவுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

'கிராவிட்டி' படத்தை ஒரு விண்வெளி விபத்துக் கதையாகத்தான் பார்த்தேன். அதில் உள்பயணம் எங்கே இருக்கிறது?
– வாசகி, ஈரோடு

அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கி 2013இல் வந்த 91 நிமிடப் படம். வெளிக்கதை ஒரு வரிதான். செயற்கைக்கோள் சிதறல்கள் மோதி விண்கலம் அழிகிறது. விண்வெளி வீராங்கனை ரையன் ஸ்டோன் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிக்கொண்டு போய்ப் பூமிக்குத் திரும்புகிறார். உள்கதைக்கு வசனத்தில் கிடைப்பது ஒரே ஒரு தகவல். அவருடைய நான்கு வயது மகள் பள்ளியில் விளையாடும்போது விழுந்து இறந்துபோனாள். செய்தி வந்தபோது ஸ்டோன் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எழுவது, வேலைக்குப் போவது, பிறகு போக்கிடம் இல்லாமல் கார் ஓட்டுவது, இவ்வளவுதான் வாழ்க்கை. விண்வெளிக்குப் போகும் முன்பே அவர் தரையில் கால் பாவாமல்தான் இருந்திருக்கிறார்.

இங்கே என்ன பிடித்திருக்கிறது என்று சக வீரர் கோவால்ஸ்கி தொடக்கத்தில் கேட்கிறார். அமைதி என்கிறார் ஸ்டோன். இந்த ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் ஒலியைக் கவனியுங்கள். சோயுஸ் கலத்தில் எரிபொருள் இல்லாமல் மாட்டிக்கொள்ளும்போது, வானொலியில் மொழி புரியாத ஒரு மனிதரின் குரல் வருகிறது. நாய் குரைக்கிறது, குழந்தை அழுகிறது, அவர் அதற்குத் தாலாட்டுப் பாடுகிறார். தான் விட்டு ஓடிவந்த சத்தங்களைக் கேட்டபடியே ஸ்டோன் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். அப்போது, முன்பே விண்வெளியில் மிதந்து மறைந்துபோன கோவால்ஸ்கி உள்ளே வந்து உட்கார்ந்து, தரையிறங்கும் நேரத்துக்கான உந்திகளை இப்போதே இயக்கிப் பார்க்கலாமே என்கிறார். அவர் வந்தது பிரமை என்று உடனே தெரிந்துவிடுகிறது. அப்படியானால் அந்த யோசனை யாருடையது? ஸ்டோனுடையது. பிழைக்கும் வழி அவருக்கு முன்பே தெரியும். பிழைக்கும் விருப்பம்தான் இல்லாமல் இருந்தது. படத்தின் உண்மையான திருப்பம் இது. சிதறல்கள் மோதும் எந்தக் காட்சியும் இதற்கு ஈடாகாது.

உடல் வழியாகவும் இதைத் தொடரலாம். நிலையத்தின் நுழைவறையான ஏர்லாக்குக்குள் கனத்த உடுப்பைக் கழற்றிவிட்டு, குழாய் ஒன்று தொப்புள்கொடியாய் வளைந்து கிடக்க, கருவில் இருக்கும் சிசுவாய்ச் சுருண்டு மிதக்கிறார். எல்லோரும் குறிப்பிடும் காட்சி இது. என் பார்வையில் கொஞ்சம் அழுத்திச் சொல்லப்பட்ட காட்சியும்கூட. இதைவிடக் கடைசிக் காட்சி நுட்பமானது. ஏரியில் கலம் மூழ்குகிறது. தன்னைக் கீழே இழுக்கும் உடுப்பை உதறிவிட்டு மேலே வருகிறார். ஒரு தவளை அவரைத் தாண்டி நீந்திப் போகிறது. நீரிலிருந்து நிலத்துக்கு வந்த முதல் உயிர்களின் பாதை அது. கரையில் தவழ்ந்து, மண்ணைப் பற்றி, தடுமாறி எழுந்து நிற்கும்போது காமிரா அவர் காலடியில் இருக்கிறது. இப்போது பூச்சிகளின் ஒலி உட்பட எல்லாச் சத்தமும் கேட்கிறது.

ஜோசப் கேம்ப்பெல்லின் கட்டங்களை வைத்து எந்த அறிவியல் புனைவுப் படத்தையும் பிரித்துவிடலாமா?
– உதவி இயக்குநர், சென்னை

பிரித்துவிடலாம். சிக்கலே அங்குதான். 1949இல் வந்த நூலில் புராண ஆய்வாளர் கேம்ப்பெல், புராண நாயகனின் பாதையைப் புறப்பாடு, தீட்சை, திரும்புதல் என்ற மூன்று பகுதிகளில் 17 கட்டங்களாக வகுத்தார். கிறிஸ்டோபர் வோக்லர் அதைத் திரைக்கதையாளர்களுக்காக 12 ஆகச் சுருக்கினார். 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்குக் கேம்ப்பெல்லிடம் கடன்பட்டிருப்பதை ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். பட்டியலை அறிந்து எழுதிய கதை பட்டியலோடு பொருந்துவதில் வியப்பில்லை. ‘இதோ அழைப்பு, இதோ மறுப்பு, இதோ குரு’ என்று பெயர் ஒட்டி முடித்தபின் படத்தைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

நாங்கள் சொல்லும் முறை வேறு. முதல்முறை குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நேரத்தோடு நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள். முதல் பிம்பமும் கடைசிப் பிம்பமும். நாயகன் கடக்கும் ஒவ்வொரு வாசலும், அங்கே அவன் விட்டுவிட்டுப் போவதும். இரண்டு தடவைக்கு மேல் திரும்ப வரும் பொருள். ஒலி திடீரென்று மாறும் அல்லது அறுந்துபோகும் இடம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. அதன் பிறகு கேம்ப்பெல்லை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அட்டவணை பொருந்தும் இடங்களை விட்டுவிட்டு, எங்கே உடைகிறது என்று பாருங்கள். வாசலைக் கடக்காத நாயகன், திரும்பி வராத நாயகன், வெறுங்கையோடு திரும்பும் நாயகன். படம் தனக்கென்று எதையாவது சொல்வது பெரும்பாலும் அங்கேதான். அடுத்த இரண்டு பதில்களும் இதற்கான உதாரணங்கள்.

'சோலாரிஸ்' முடிவில் கெல்வின் வீடு திரும்பிவிட்டானா, இல்லையா? கடலுக்கு நடுவே தெரியும் அந்தத் தீவுக்கு என்ன பொருள்?
– பேராசிரியர், மதுரை

ஆந்த்ரே தார்க்கோவ்ஸ்கியின் 1972ஆம் ஆண்டுப் படத்தைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். முடிவைப் படிக்க முதல் காட்சிக்குப் போக வேண்டும். ஓடும் நீரில் பாசிகள் அலைய, கெல்வின் குளக்கரையில் நிற்கிறான். மழை கொட்டுகிறது. வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்த தேநீர்க் கோப்பைகளிலும் விழுகிறது. அவன் ஒதுங்காமல் நனைகிறான். கிளம்பும் முன் தன் பழைய காகிதங்களை முற்றத்தில் எரிக்கிறான். தந்தையோடு மனஸ்தாபம் தீரவில்லை. பூமியில் நடக்கும் இந்தப் பகுதியே முக்கால் மணி நேரத்தை நெருங்குகிறது. வேறொரு பாத்திரம் நகர நெடுஞ்சாலையில் காரில் போவதைப் பல நிமிடங்கள் காட்டும் படம், கெல்வினின் விண்வெளிப் பயணத்தை மிகச் சுருக்கமாக முடித்துவிடுகிறது. தூரத்தைக் கடப்பது இந்தப் படத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

சோலாரிஸ் என்ற கோளுக்கு மேலே இருக்கும் ஆய்வு நிலையத்தில் அவனுக்கு நேர்வது ஹாரி. பத்தாண்டுகளுக்கு முன் அவனோடு சண்டையிட்டு நஞ்சேற்றிக்கொண்டு இறந்த மனைவி. அந்தக் கோளின் கடல், அவன் உறங்கும்போது நினைவிலிருந்து எடுத்து அவளை உருவாக்கி அனுப்புகிறது. அவள் ஆடையைக் கழற்ற வழியே இல்லை. முடிச்சுகள் வெறும் தோற்றம். கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கிறது. அவன் நினைவில் அந்த ஆடையை எப்படித் திறப்பது என்ற விவரம் இல்லை. அவளைப் பற்றி அவன் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது இந்த ஒரு பொருள்.

உள்பயணத்தின் படிகளை இனி அவன் அவளை நடத்தும் விதத்தில் அளக்கலாம். முதலில் வந்தவளை ஏமாற்றி ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். மறுபடி வந்தவளை அப்படிச் செய்ய முடியவில்லை. உலோகக் கதவை அவன் மூடியதும், பிரிவு தாங்காமல் கதவையே கிழித்துக்கொண்டு ரத்தத்தோடு வருகிறாள். நூலகக் காட்சியில் அவளை மற்றவர்கள் முன் மனைவியாக ஏற்றுக்கொள்கிறான். நிலையம் 30 நொடிகள் எடையிழக்கிறது, இருவரும் மிதக்கிறார்கள், இசையமைப்பாளர் செபாஸ்டியன் பாக்கின் இசை ஒலிக்கிறது, சுவரில் ப்ரூகல் வரைந்த, பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களின் ஓவியம். பூமியையே பார்த்திராதவள் அந்த ஓவியத்தின் வழியாகப் பூமியைக் கற்கிறாள். அந்த உச்சத்துக்கு அடுத்து வருவது அவள் திரவ ஆக்சிஜனைக் குடித்துச் சாக முயல்வது. கடைசியில் தன்னை அழித்துவிடும்படி கேட்டுப் போய்விடுவதும் அவளே. மனிதராக வளர்ந்தவர்கள் இருவர் என்று கொண்டால்தான் இந்தப் படம் முழுமையாகத் திறக்கும். நாயகன் மட்டுமே பயணிக்கிறான் என்று பார்ப்பவர்கள் பாதிப் படத்தை இழக்கிறார்கள்.

இப்போது தீவு. கெல்வின் வீட்டுக்கு வருகிறான். முதலில் அலைந்த நீர் இப்போது அசையவில்லை. சன்னல் வழியே பார்த்தால் மழை வீட்டுக்கு உள்ளே, தந்தையின் முதுகில் பெய்கிறது. அவர் அதை உணரவில்லை. தொடக்கத்தில் வெளியே பெய்த மழையைக் கடல் இடம் மாற்றி வைத்துவிட்டது. ஹாரியின் ஆடையில் நடந்த அதே வகைப் பிழைதான் இது. ஆகவே புற உலகக் கணக்கில் அவன் வீடு திரும்பவில்லை. கடல் தன் நடுவே ஒரு தீவாகக் கட்டித் தந்த வீட்டில் நிற்கிறான். ஆனால் அவன் வாசலில் மண்டியிட்டுத் தந்தையின் கால்களைக் கட்டிக்கொள்கிறான். அவர் கைகள் அவன் தோளில் படிகின்றன. ஊதாரி மகன் வீடு திரும்பித் தந்தை முன் மண்டியிடும் ரெம்ப்ராண்டின் ஓவியத்தில் உள்ள நிலை. தொடக்கத்தில் அவனால் செய்ய முடியாத காரியம் இது. கேம்ப்பெல் கணக்கில் திரும்புதல் நடக்கவில்லை. திரும்புதலுக்குத் தகுதியானவனாக அவன் ஆகிவிட்டான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறுக்கும் விளக்கங்கள் நிறைய உண்டு. நம்மை இரண்டையும் ஒருசேரத் தாங்கவைப்பதுதான் அந்த முடிவின் வலிமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'ஸ்டாக்கர்' படத்தில் அவ்வளவு தூரம் போய்விட்டு மூவரும் ஏன் அறைக்குள் நுழையவில்லை? துணி கட்டிய நட்டுகளை எதற்காக வீசுகிறார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

நட்டிலிருந்து தொடங்குவோம். மண்டலம் என்ற தடைசெய்யப்பட்ட நிலத்தில், ஆசையை நிறைவேற்றும் ஓர் அறையைத் தேடி வழிகாட்டி, எழுத்தாளர், பேராசிரியர் மூவரும் நடக்கிறார்கள். வழிகாட்டி இரும்பு நட்டில் வெள்ளைத் துணி நாடாவைக் கட்டி வீசுகிறான். அது விழுந்த இடம்வரை நடக்கிறார்கள். எடுத்து மறுபடி வீசுகிறான். கதைப்படி கண்ணிகளைக் கண்டறியும் வழி இது. ஆனால் 1979இல் வந்த தார்க்கோவ்ஸ்கியின் இந்தப் படத்தில், இரண்டே முக்கால் மணி நேரத்தை நெருங்கும் நீளத்தில், எந்தக் கண்ணியும் யாரையும் தாக்குவதை நாம் பார்ப்பதில்லை. நேர்வழி போகக் கூடாது, வந்த வழி திரும்பக் கூடாது என்ற விதிகளை வழிகாட்டி சொல்கிறான். பேராசிரியரோ பைக்காகத் திரும்பிப் போய் நலமாகவே இருக்கிறார். ஆபத்தைக் காட்டாமல், ஆபத்துக்கான நடத்தையை மட்டும் காட்டுவதால் அந்த நடை ஒரு விரதம் போல் ஆகிவிடுகிறது. அடுத்து எடுத்து வைக்கும் அடி மட்டுமே நம் கையில் இருக்கிறது என்று உடலுக்குப் பழக்குவதுதான் நட்டின் வேலை.

நிறத்தையும் கவனியுங்கள். மண்டலத்துக்கு வெளியே செம்பழுப்பு ஒற்றை நிறம். தண்டவாளத்தில் சிறு டிராலியில் போகும்போது காமிரா ஏறக்குறைய நான்கு நிமிடம் மூன்று தலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சக்கரத்தின் தடதடப்பு இசையமைப்பாளர் எதுவேர்ட் அர்த்தேமியேவின் மின்னணு இசையாக மெல்லக் கரைகிறது. வெட்டு; பச்சை. வாசலைக் கடந்த கணத்தை ஒரு கதவும் இல்லாமல் ஒலியாலும் நிறத்தாலும் செய்திருக்கிறார்கள்.

அறை உள்மன ஆசையை நிறைவேற்றும். வாயால் கேட்பதை அது தராது. உள்ளே உண்மையில் இருப்பதையே தரும். இதன் விபரீதம் ‘முள்ளம்பன்றி’ என்று அழைக்கப்பட்ட பழைய வழிகாட்டியின் கதையில் வருகிறது. தன் தம்பியின் சாவுக்குக் காரணமாகி, அவனை மீட்டுத் தரக் கேட்டு உள்ளே போனவன் பெரும் பணக்காரன் ஆனான், தூக்கிட்டுக்கொண்டான். இதைக் கேட்டபின் எழுத்தாளருக்குத் துணிவு இல்லை. தன் உள்ளே என்ன கிடக்கிறதென்று தனக்கே தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். பேராசிரியர் பையில் கொண்டுவந்தது 20 கிலோடன் குண்டு. தீயவர்கள் கையில் சிக்காமல் அறையைத் தகர்க்க வந்தவர், அதைக் கழற்றித் துண்டு துண்டாக நீரில் எறிகிறார். மூவரும் வாசலில் உட்கார்கிறார்கள். காமிரா பின்னோக்கி நகர்ந்து அறைக்குள் போய்விடுகிறது. அறைக்குள் ஒரு மழை பெய்து ஓய்கிறது. உள்ளே இருந்து அவர்களைப் பார்ப்பவர்கள் நாம்தான். உங்கள் உள்மன ஆசை என்ன என்ற கேள்வி அந்தக் காமிரா நகர்வினாலேயே பார்வையாளரிடம் வந்து சேர்கிறது.

எனவே நுழையாததைத் தோல்வி என்று மட்டும் எழுதாதீர்கள். எழுத்தாளருக்கும் பேராசிரியருக்கும் அது தன்னறிவு. வழிகாட்டிக்குத்தான் அது தோல்வி. வீட்டுக்கு வந்து, எவருக்கும் நம்பிக்கை இல்லையே என்று உடைந்து அழுகிறான். பிறகு நிறம் ஒரு காரியம் செய்கிறது. மண்டலத்துக்கு மட்டுமே உரியதாயிருந்த வண்ணம் நடக்க இயலாத அவன் மகளின் காட்சிகளில் வருகிறது. கடைசியில் அவள் பார்வையால் மேசைமேல் கண்ணாடிக் குவளைகளை நகர்த்துகிறாள். அவன் தேடிப் போன அற்புதம் அவன் வீட்டில் இருக்கிறது. அவன் அதைப் பார்க்கவில்லை.

தண்ணீர் என்றால் மறுபிறப்பு, கண்ணாடி என்றால் நிழல் ஆளுமை என்று குறியீடுகளுக்கு ஒரு அகராதி கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

கிடைக்கும், வாங்காதீர்கள். மேலே உள்ள மூன்று படங்களிலும் தண்ணீர் இருக்கிறது. ஒன்றில் பிறப்பு, ஒன்றில் நினைவின் பிழை, ஒன்றில் அமைதி. பொருளைத் தீர்மானிப்பது அது எங்கே, எத்தனையாவது முறை வருகிறது என்பதே. குறுந்தொகையில் வயலோர மாமரத்தின் கனி தானே விழ, குளத்து வாளை அதைக் கவ்வும். உழைக்காமல் பெறுகிற தலைவனை அந்த மீன் சுட்டுவது அந்தப் பாட்டில், அந்தப் பேச்சில். எல்லாப் பாட்டிலும் வாளைக்கு அதே பொருள் வைத்தால் உள்ளுறை, அதாவது உள்ளே மறைந்திருக்கும் பொருள், கெட்டுவிடும்.

நாம் ஏற்க மறுக்கும் நம் இருண்ட பக்கத்தை உளவியலாளர் யுங் ‘நிழல்’ என்றார். அதைச் செய்து காட்டும் நல்ல உதாரணம் வேண்டுமானால் 1980இன் 'ஸ்டார் வார்ஸ்' படமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'. ஆயுதம் தேவைப்படாது என்று குரு யோடா சொல்லியும் நாயகன் லூக் ஆயுதத்தோடு குகைக்குள் போகிறான். அங்கே தெரியும் எதிரி வேடரின் தலையை வெட்டுகிறான். முகமூடி வெடித்து உள்ளே தெரிவது தன் முகம். இதோடு நிறுத்துபவர்கள் அதிகம். 1983இல் வந்த அடுத்த படத்தில் அவன் வேடரின் இயந்திரக் கையை வெட்டிவிட்டு, உறை போட்ட தன் இயந்திரக் கையைப் பார்க்கிறான். பிறகு ஆயுதத்தை எறிந்துவிடுகிறான். குகையில் கேட்ட கேள்விக்கு விடை மூன்றாண்டு கழித்து வருகிறது.

'அரைவல்' படத்தில் லூயிஸுக்கு எதிர்காலம் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அதே வாழ்க்கையைத்தான் தேர்ந்தெடுக்கிறார். இதில் மாற்றம் என்ன?
– வாசகி, திருச்சி

செயல் மாறவில்லை, அதைச் செய்பவர் மாறிவிட்டார். லூயிஸ், வேற்றுக்கிரகவாசிகளின் மொழியைக் கற்கும் மொழியியலாளர். தொடக்கத்தில் மகளின் பிறப்பும் சாவும் கடந்த கால துயரமாக நமக்குக் காட்டப்படுகின்றன. முடிவில் அவை இனி வரப்போகிறவை என்று தெரிகிறது. காட்சிகள் அவையே, நம் அறிவு வேறு. லூயிஸ் பாதுகாப்பு உடுப்பைக் கழற்றிவிட்டுத் அவர்களுக்கு இடையே உள்ள திரைக்கண்ணாடியில் உள்ளங்கையை வைக்கும் இடத்தை மறுபடி பாருங்கள். பாதுகாப்பில்லாமல் நெருங்குவது என்ற முடிவை அவர் எடுப்பது அங்கே. கடைசித் தேர்வு அதன் நீட்சி.

12 நிமிட அறிவியல் புனைவுக் குறும்படம் எழுதுகிறேன். நாயகனின் உள்மாற்றத்தை வசனமில்லாமல் காட்ட வழி சொல்லுங்கள். கூடவே, 'சோலாரிஸ்', 'ஸ்டாக்கர்' இரண்டுக்கும் மூலநாவல்களை முதலில் படிக்க வேண்டுமா?
– குறும்பட இயக்குநர், சேலம்

முதலில், நாயகன் எதைச் செய்யாமல் தவிர்க்கிறான் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உதாரணமாக: தொலைதூர நிலையத்தில் தனியே இருப்பவன், வீட்டிலிருந்து வந்த குரல் பதிவைக் கேட்காமல் தள்ளிப்போடுகிறான். அடுத்து அந்தத் தவிர்ப்புக்கு ஒரு பொருள் வேண்டும். செய்தி வந்திருப்பதைக் காட்டும் சிறு விளக்கு சிமிட்டுகிறது. அவன் அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவைத்திருக்கிறான். செலவு சில ரூபாய்.

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கொண்டால் 12 பக்கம். முதல் இரண்டு பக்கத்துக்குள் டேப் வந்துவிட வேண்டும், ஆனால் குளோசப்பில் வரக்கூடாது. அகலமான ஷாட்டில், அவன் வேறு வேலை செய்யும்போது தெரிந்தால் போதும். ஆறாம் பக்க அளவில் டேப்பின் ஓரம் உரிகிறது, அவன் திரும்ப அழுத்தி ஒட்டுகிறான். இதை நெருங்கிப் பார்க்கலாம். பதினோராம் பக்கத்தில் அவனே உரிக்கிறான். பதிவில் என்ன இருந்தது என்று கேட்க வைக்க வேண்டாம்; விளக்கின் ஒளி அவன் முகத்தில் விழுந்தால் காட்சி முடிந்துவிட்டது.

வழக்கமாகக் கெடுவது மூன்று இடங்களில். பொருள் உச்சக்காட்சியில் முதன்முறையாக வருவது; அப்போது அது குறியீடாகாது, வெறும் தகவலாக நிற்கும். மூன்று தடவையும் ஒரே கோணம், ஒரே லென்ஸ் வைத்து, மாற்றத்தைக் காட்ட இசையை நம்புவது. மூன்றாவது, பார்வையாளருக்குப் புரியாதோ என்ற பயத்தில் எடிட்டிங் மேசையில் பின்னணிக் குரலைச் சேர்ப்பது. இந்தப் பயத்துக்கு மருந்து, ரஃப் கட்டைக் கதை தெரியாத இருவருக்கு ஒலியில்லாமல் போட்டுக்காட்டுவது. அவன் எதைத் தவிர்க்கிறான் என்று மட்டும் கேளுங்கள். இருவருமே சொல்லவில்லையென்றால், குறை பெரும்பாலும் இரண்டாவது முறை வரும் காட்சியில் இருக்கும். மூன்றாவதைத் திருத்தப் போகாதீர்கள்.

நாவல்களைப் பொறுத்தவரை, போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய 'சோலாரிஸ்' நாவலை முதலில் படியுங்கள். அதில் பூமிக் காட்சிகள் இல்லை, தந்தையின் வீடு இல்லை; கெல்வின் கடைசியில் அந்தக் கடலின் கரையில் நின்று அலைக்குக் கை நீட்டுகிறான். அறியவே முடியாத ஒன்றின் முன் மனிதன் என்பதே லெம்மின் அக்கறை. படம் குற்றவுணர்வின் பக்கம் சாய்ந்ததில் அவருக்குக் கடும் அதிருப்தி. நாவலைப் படித்திருந்தால் இயக்குநர் புதிதாகச் சேர்த்தவை எவை என்று படத்தில் பளிச்சென்று தெரியும்.

'ஸ்டாக்கர்' விஷயத்தில் நேர்மாறாகச் செய்யுங்கள். அதன் மூலமான ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் நாவலில் கண்ணிகள் உண்மையாகவே கொல்கின்றன. அதை முன்பே படித்தவர்கள் படம் முழுக்க அவற்றுக்காகக் காத்திருப்பார்கள். படத்துக்குப் பிறகு படித்தால் வேறொன்று கிடைக்கும். நாவலின் நாயகன் ரெட்ரிக், ஆசையை நிறைவேற்றும் தங்கக் கோளத்தை அடைய ஓர் இளைஞனைத் தானே சாவுக்கு அனுப்புகிறான். படத்தில் அந்தப் பாவம் ‘முள்ளம்பன்றி’யின் தலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. வழிகாட்டி பழியில்லாதவனாக, ஏமாளியாக, விசுவாசியாக நிற்க முடிவது அந்த ஒரு மாற்றத்தால்தான். திரைக்கதையையும் அதே சகோதரர்கள் எழுதினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, உங்கள் 12 பக்கத்தில் பழி யார் மேல் இருக்கிறது என்று பாருங்கள்.